டியூட்டி மாறும்போது தகவல் எங்கே தொலைகிறது? அறிகுறி வாரியாகப் பழுது கண்டு சரிசெய்யும் வழிமுறை

ஒரு நோயாளியின் பொறுப்பு மருத்துவமனையில் ஒரே நாளில் பல கைகளுக்கு மாறுகிறது. செவிலியர் டியூட்டி காலை, மதியம், இரவு என்று மூன்று முறை மாறுகிறது. அதற்கு நடுவே அவர் அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கும், வார்டிலிருந்து ஓ.டி.க்கும் (அறுவை அரங்கு), ஓ.டி.யிலிருந்து ஐ.சி.யு.வுக்கும் (தீவிர சிகிச்சைப் பிரிவு) போகிறார். யூனிட் டாக்டர்கள் கிளம்பிய பிறகு, அதுவரை அவரைப் பார்த்தே இராத இரவு டியூட்டி டாக்டரின் பொறுப்புக்கு வருகிறார். வார்டில் ‘ஓவர் கொடுப்பது’ என்று சொல்லப்படும் இந்த ஒப்படைப்பில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் நிர்வாகங்கள் முதலில் செய்வது புதிய படிவம் ஒன்றை அச்சடிப்பதுதான். காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் ஊசி போடுவதைப் போன்றது இது; சில நேரம் காய்ச்சல் இறங்கவும் செய்யும், அதனால்தான் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

இந்த வழிமுறை வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்காகவும், யூனிட்டில் ஒப்படைப்பைக் கவனிக்கும் மருத்துவர்களுக்காகவும், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. உங்கள் வார்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம்.

முதல் சோதனை: ஒரே கேள்வி, இரண்டு பேரிடம்

டியூட்டி முடித்துக் கிளம்புபவரிடமும், பொறுப்பு எடுத்துக்கொண்டவரிடமும், ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியாதபடி, ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இன்று இரவு இந்த நோயாளியிடம் ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்க முடியும் என்றால், அது எது?” ஐந்தாறு நோயாளிகளைப் பற்றிக் கேட்டாலே போதும், பழுது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

சிகாகோவில் குழந்தைகள் மருத்துவப் பயிற்சி மருத்துவர்களிடம் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. ஒப்படைத்தவர் மிக முக்கியம் என்று கருதிய தகவல் ஏறக்குறைய 60 சதவீத நேரங்களில் வாங்கியவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே ஒப்படைத்தவர்கள் நம்பினார்கள். ஆகவே “நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்” என்ற பதிலைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சான்றாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருவர் பதிலும் வேறுபட்டால், தகவல் சொல்லப்படும் முறையில் பழுது இருக்கிறது. இருவரும் ஒரே பதிலைச் சொல்லியும் வேலை நடக்கவில்லை என்றால், யார் செய்வது என்பதில் பழுது இருக்கிறது. கீழே ‘எழுதியிருந்தும் நடக்கவில்லை’ என்ற பகுதிக்குப் போங்கள். கிளம்புபவரிடமே பதில் இல்லை என்றால், அது ஒப்படைப்பின் கோளாறே அல்ல. பகலில் அந்த நோயாளிக்கு என்ன திட்டம் என்பதை யாரும் முடிவு செய்யவில்லை என்று பொருள். அதை ரவுண்ட்ஸில்தான் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: டியூட்டி முடித்துப் போனவருக்குப் போன் போய்க்கொண்டே இருக்கிறது

எல்லா வார்டுகளிலும் காணப்படும் அறிகுறி இது. பழகிப்போனதால் யாரும் இதை அறிகுறியாகவே எடுத்துக்கொள்வதில்லை. போன் போகிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. என்ன கேட்கப்படுகிறது என்பதுதான் துப்பு. ஒரு வாரத்துக்கு அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அவை மூன்று வகைக்குள் அடங்கும்.

“ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே வைத்தீர்கள்?”, “அந்த இரண்டாவது பாட்டில் இரத்தம் வந்துவிட்டதா?” போன்றவை முதல் வகை. விடை எங்கேயோ இருக்கிறது, கைக்கு அகப்படவில்லை. இதற்கு ஒப்படைப்பை மாற்ற வேண்டியதில்லை. கேஸ் ஷீட்டின் அடுக்கு முறையை ஒழுங்குபடுத்தினால் போதும்.

“சார் ரவுண்ட்ஸில் என்ன சொன்னார்?” என்பது இரண்டாவது வகை. சீஃப் (யூனிட்டின் தலைமை மருத்துவர்) நின்றபடியே சொன்ன முடிவு பி.ஜி.யின் (முதுநிலைப் படிப்பில் இருக்கும் மருத்துவர்) காதில் விழுந்தது, அங்கிருந்து ஹவுஸ் சர்ஜனிடம் (பயிற்சி மருத்துவர்) போனது, தாளுக்கு வரவில்லை. வாய்மொழி எவ்வளவு விரைவில் கரையும் என்பதை இங்கிலாந்தில் ஒரு குழு சோதித்து 2007-இல் வெளியிட்டது. 12 கற்பனை நோயாளிகளின் விவரங்களை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று ஐந்து முறை கைமாற்றிப் பார்த்ததில், வாயால் மட்டும் சொன்னபோது கடைசியில் மிஞ்சியது 2.5 சதவீதம். கேட்டவர்கள் குறிப்பு எடுத்துக்கொண்டபோது 85.5 சதவீதம் மிஞ்சியது. அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தபோது 99 சதவீதம் தங்கியது. ஆகவே ரவுண்ட்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்வதற்கு முன்பே, அன்றைய முடிவை ஒரு வரியில் எழுதிவிடும் வழக்கம் இருந்தால் இந்த வகைப் போன்கள் தாமாகவே குறையும்.

மூன்றாவது வகை: “பி.பி. இறங்குகிறது, இப்போது என்ன செய்வது?” கவனிக்க வேண்டிய வகை இதுதான். நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்பது ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இன்னது நடந்தால் இன்னது செய்யுங்கள் என்பது ஒப்படைக்கப்படவில்லை. இரைப்பையில் இரத்தம் கசிந்து அனுமதிக்கப்பட்டவரைப் பற்றி “இப்போது நன்றாக இருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் போவதும், “மீண்டும் இரத்த வாந்தி எடுத்தாலோ நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டினாலோ, இரண்டு பெரிய கேன்னுலா (இரத்தக் குழாயில் போடும் ஊசிக் குழாய்) ஏற்கெனவே போட்டிருக்கிறது, இரத்தம் இரண்டு யூனிட் கிராஸ் மேட்ச் செய்து (பொருத்தம் பார்த்து) வைத்திருக்கிறது, எண்டோஸ்கோபிக்கு இன்னாரை அழைக்க வேண்டும்” என்று சொல்லிப் போவதும் வேறு வேறு. பின்னதைச் சொல்ல அரை நிமிடம் போதும். மோசமான நோயாளிகளுக்காவது “நடந்தால் என்ன” என்ற இந்த ஒரு வரி இல்லாமல் ஒப்படைப்பை முடிக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ‘ஸ்டேபிள்’ என்று ஒப்படைக்கப்பட்டவர் இரவில் திடீரென்று மோசமாகிறார்

‘திடீரென்று’ என்ற சொல்லை முதலில் சந்தேகியுங்கள். அப்படி ஆன நோயாளியின் டி.பி.ஆர். சார்ட்டை (வெப்பம், நாடி, மூச்சு குறிக்கும் தாள்) எடுத்து, ஒப்படைப்புக்கு முந்தைய ஆறேழு மணி நேரத்தைப் பாருங்கள். பல நேரங்களில் இறக்கம் அங்கேயே தொடங்கியிருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒருவருக்கு மதியம் மூச்சு 18, ஆக்சிஜன் அளவு 97, நாடி 92, மேல் பி.பி. 118, வெப்பம் 100 ஃபாரன்ஹீட். இரவு டியூட்டி வரும் நேரத்தில் மூச்சு 22, ஆக்சிஜன் 95, நாடி 104, மேல் பி.பி. 108, வெப்பம் 100.8. இரண்டு வேளையிலும் முழு நினைவோடு இருக்கிறார், ஆக்சிஜன் எதுவும் வைக்கவில்லை. இந்த எண்களில் எந்த ஒன்றைத் தனியாகச் சொன்னாலும் வார்டில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் ‘நியூஸ்’ மதிப்பெண் முறையில் கூட்டிப் பார்த்தால், மதியம் 1 ஆக இருந்தது இரவில் 6 ஆகிவிட்டது. 5-ஐத் தொட்டாலே மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும் என்பது அந்த முறையின் வரம்பு. 7 என்றால் அவசரநிலை. இந்த நோயாளியைத்தான் ‘ஸ்டேபிள்’ என்று ஒப்படைத்திருக்கிறார்கள்.

சரிசெய்யும் முறை மூன்று அடுக்கு கொண்டது. முதலாவதாக, ‘ஸ்டேபிள்’, ‘ஓகே’, ‘புதிதாக எதுவும் இல்லை’ ஆகியவற்றை எண் இல்லாமல் சொல்லக் கூடாது. இரண்டாவதாக, கடைசி அளவோடு அதற்கு முந்தைய அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒற்றை எண் நிலையைக் காட்டும், இரண்டு எண்கள்தான் திசையைக் காட்டும். மூன்றாவதாக, படுக்கை வரிசைப்படி ஒப்படைப்பதை நிறுத்த வேண்டும். நாற்பது படுக்கை வார்டில் ஒன்றாம் பெட்டிலிருந்து தொடங்கினால், முப்பத்தெட்டாம் பெட்டில் இருக்கும் மோசமான நோயாளிக்கு வரும்போது சொல்பவரும் களைத்திருப்பார், கேட்பவரும் களைத்திருப்பார். மிக மோசமானவர்கள் முதலில், கவனிக்க வேண்டியவர்கள் அடுத்து, மற்றவர்கள் கடைசியில், அதுவும் ஒரு வரியில். இரவில் ஒரே சிஸ்டர் முழு வார்டையும் பார்க்கும் இடங்களில் எல்லாப் படுக்கைக்கும் போய் நின்று ஒப்படைப்பது நடக்காத காரியம் என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் முதல் வகையினர் நான்கைந்து பேரின் படுக்கையருகே இருவரும் சேர்ந்து போய் நிற்பது நடக்கக்கூடியதே.

படுக்கையருகே பேசுவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரரும் உடனிருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எச்.ஐ.வி. நிலை, மனநலச் சிகிச்சை, கருக்கலைப்பு போன்றவற்றை அங்கே வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துவதற்கு 2017-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கடுமையான கட்டுப்பாடு விதிக்கிறது. அவற்றை நர்சிங் ஸ்டேஷனில் பேசி முடித்துவிட்டுப் படுக்கைக்குப் போங்கள்.

அறிகுறி: ஒரே மருந்து இரண்டு முறை போகிறது, அல்லது ஒரு முறைகூடப் போகவில்லை

மருந்து கொடுக்க வேண்டிய நேரமும் டியூட்டி மாறும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் இது நடக்கும். வருபவர் கொடுப்பார் என்று போகிறவரும், போகிறவர் கொடுத்திருப்பார் என்று வருபவரும் நினைக்கிறார்கள். எந்த டியூட்டி கொடுப்பது என்பதை வார்டு அளவில் ஒருமுறை முடிவு செய்து எழுதி ஒட்டிவிட்டால் இதில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி கையெழுத்தில் இருக்கிறது. மொத்தமாகக் கொடுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து மொத்தமாகக் கையெழுத்துப் போடும் வழக்கமும், அதைவிட ஆபத்தாக, கொடுப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு வைக்கும் வழக்கமும் இருக்கும் வரை மருந்துச் சார்ட்டை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது சோதனை: அவசரப் பிரிவில் போட்ட ஊசிகள் வார்டின் மருந்துச் சார்ட்டில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். முதல் டோஸ் ஆன்டிபயாடிக், எனாக்சபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி), டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) ஆகியவை அங்கே ஒரு சிறு சீட்டில் எழுதப்பட்டு, வார்டுக்கு வந்ததும் கேஸ் ஷீட்டின் பின்னால் ஒளிந்துகொள்ளும். வார்டில் புதிய சார்ட் திறக்கும்போதே அந்த டோஸ்களை நேரத்தோடு முதல் வரியில் ஏற்ற வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஃப்யூஷன்களுக்கு, அதாவது பம்ப் வழியாகத் தொடர்ந்து ஏறும் மருந்துகளுக்கு, தனிக் கவனம் தேவை. பி.பி.யை ஏற்றும் மருந்தைப் பற்றி “நார்அட்ரினலின் 5-இல் ஓடுகிறது” என்று ஒப்படைப்பது ஐ.சி.யு.க்களில் சர்வ சாதாரணம். 50 மில்லி சிரிஞ்சில் 4 மில்லிகிராம் கலந்திருந்தால், மணிக்கு 5 மில்லி என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.7 மைக்ரோகிராம். அடுத்த சிரிஞ்சை 8 மில்லிகிராம் போட்டுக் கலக்கும் வழக்கமுள்ள ஒருவர் மாற்றினால், பம்பில் அதே 5 தெரியும், நோயாளிக்குப் போவது இரட்டிப்பு. ஆகவே மில்லிகிராம் எவ்வளவு, எத்தனை மில்லியில், மணிக்கு எத்தனை மில்லி, இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற நான்கையும் சிரிஞ்சின் லேபிளைப் பார்த்து இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றுக்கும் இதே விதி. இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்பதை முழுச் சொல்லாக எழுத வேண்டும். ஆங்கிலத்தின் ‘U’ என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால், அது சுழியமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகப் படிக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

அறிகுறி: எழுதியிருந்தும் நடக்கவில்லை

கேஸ் ஷீட்டில் ‘சி.டி. ரிப்போர்ட் பார்க்கவும்’, ‘கார்டியாலஜி ஒபினியன்’, ‘நாளை பொட்டாசியம் மறுபடி’ என்றெல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். மூன்று டியூட்டி கடந்தும் எதுவும் நடந்திருக்காது. விசாரித்தால் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும். வினைச்சொல் இருக்கிறது, எழுவாய் இல்லை, பழுது அவ்வளவுதான்.

ஒப்படைக்கும் ஒவ்வொரு வேலையிலும் யார், எப்போதுக்குள் என்ற இரண்டும் இருக்க வேண்டும். “ரிப்போர்ட் பார்க்கவும்” என்பதற்குப் பதிலாக “இரவு பத்துக்குள் ரிப்போர்ட்டை டியூட்டி பி.ஜி. பார்த்து, இரத்தக் கசிவு இருந்தால் நியூரோசர்ஜரி டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும்” என்று எழுத வேண்டும். முடிந்த வேலையின் மேல் கோடு இழுத்து நேரத்தைக் குறிக்க வேண்டும். முடியாத வேலையை அடுத்தவர் தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ளாதவரை, அது கிளம்புபவரின் வேலையாகவே இருக்கும் என்று யூனிட் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். தொடக்கத்தில் முணுமுணுப்பு இருக்கும். முதல் வாரம் கடந்தால், மதியமே முடிக்கக்கூடிய வேலைகள் மதியமே முடியத் தொடங்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் இந்தப் பழுது இன்னும் ஆழமானது, ஏனென்றால் நோயாளியே கைவிட்டுப் போய்விடுகிறார். அமெரிக்காவின் இரண்டு மருத்துவமனைகளில் 2,644 நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், டிஸ்சார்ஜ் ஆன நாளில் 41 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு பரிசோதனை முடிவு வர வேண்டியிருந்தது என்று 2005-இல் வெளியானது. கல்ச்சர் ரிப்போர்ட்டும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் நோயாளி ஊருக்குப் போன பிறகுதான் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வர வேண்டிய முடிவுகள்’ என்று தனி வரி ஒதுக்கி, எந்தத் தேதிக்குள் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். நோயாளி பி.பி. மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போவார் என்றால், அங்கே இருக்கும் மருத்துவருக்கும் அந்த வரி புரிய வேண்டும். புதிதாகச் சேர்த்த மாத்திரை எது, நிறுத்திய மாத்திரை எது, ஏன் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திய மாத்திரை பழைய சீட்டைக் காட்டி மறுபடியும் வாங்கப்படும்.

அறிகுறி: ஓ.டி.யிலிருந்து வந்த நோயாளியைப் பற்றி ஐ.சி.யு.வில் யாருக்கும் முழுமையாகத் தெரியவில்லை

ஒரு முறை நேரில் நின்று பாருங்கள். டிராலி உள்ளே வருகிறது. ஒருவர் வென்டிலேட்டரை மாட்டுகிறார், ஒருவர் ஈ.சி.ஜி. ஒயர்களைப் பிரிக்கிறார், ஒருவர் டிரெயின் பாட்டிலை (அறுவை செய்த இடத்திலிருந்து வடிவது சேரும் பாட்டில்) தொங்கவிட இடம் தேடுகிறார், மானிட்டர் கத்துகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே மயக்க மருத்துவர் அறுவையின் விவரங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் எல்லாவற்றையும் சரியாகவே சொல்கிறார். கேட்கும் நிலையில் ஒருவர்கூட இல்லை.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவை முடிந்த குழந்தைகளை ஐ.சி.யு.வுக்கு மாற்றுவதில் இதே சிக்கல் இருந்தது. கார்ப் பந்தயத்தில் சில நொடிகளில் சக்கரம் மாற்றும் குழுக்களைக் கவனித்த அங்குள்ள மருத்துவர்கள், ஃபெராரி குழுவினரை அணுகி, அவர்களுடைய ஒழுங்கைக் கற்றுத் தங்கள் ஒப்படைப்பைத் திருத்தி அமைத்தார்கள். 2007-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, ஓர் ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த செயல்முறைப் பிழைகள் 3.15 ஆகவும், விட்டுப்போன தகவல்கள் 2.09-லிருந்து 1.07 ஆகவும் குறைந்தன. நேரமும் கூடவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வேகத்தைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது, யாருக்கு எந்த வேலை என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருப்பதும், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பதும்தான்.

உங்கள் ஐ.சி.யு.வில் இப்படி வைத்துக்கொள்ளலாம். நோயாளி கிளம்புவதற்கு முன்பே ஓ.டி.யிலிருந்து போன் வர வேண்டும்: வென்டிலேட்டர் வேண்டுமா, எந்த இன்ஃப்யூஷன்கள் ஓடுகின்றன, இரத்தம் எவ்வளவு போனது. நோயாளி வந்ததும் முதலில் கருவிகள் மட்டும். அப்போது யாரும் நோயாளியின் கதையைப் பேசக் கூடாது. மூச்சும் பி.பி.யும் மானிட்டரில் தெரிந்து, எல்லாம் நிலைத்த பிறகு ஐ.சி.யு. மருத்துவர் “சொல்லலாம்” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு கைகள் ஓய, முதலில் மயக்க மருத்துவர், அடுத்து அறுவை மருத்துவர், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல். கடைசியில் பொறுப்பேற்கும் சிஸ்டரும் மருத்துவரும் கேள்வி கேட்க வேண்டும். அறுவை மருத்துவர் அடுத்த கேஸுக்கு ஓடிவிடுவார் என்பதுதான் நடைமுறைத் தடை. அவரால் வர முடியாவிட்டால், டிரெயினில் எவ்வளவு வந்தால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணையாவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அறிகுறி: நோயாளி வார்டுக்கு வந்துவிட்டார், தகவல் வரவில்லை

அவசரப் பிரிவிலிருந்து ஊழியர் ஒருவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு வர, உறவினர் கையில் ஃபைலோடு பின்னால் வருவார். கேட்டால் “மேலே போகச் சொன்னாங்க” என்பார். அனுப்பும் இடத்திலிருந்து போன் வந்து, வாங்கும் சிஸ்டர் தன் பெயரைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளும் வரை நோயாளி நகரக் கூடாது; மிக மோசமானவர்களோடு மருத்துவரோ சிஸ்டரோ உடன் வர வேண்டும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் அடையாளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “ஏழாம் பெட்டுக்கு ஊசி போட்டாயிற்று” என்று பேசும் வழக்கம் எல்லா வார்டிலும் உண்டு. மதியம் ஏழாம் பெட்டில் இருந்தவர் மாலையில் ஒன்பதாம் பெட்டுக்கு மாறியிருக்கலாம். ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பது நம் ஊரில் அபூர்வமல்ல. ஒப்படைப்பில் பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) சேர்ந்தே வர வேண்டும். ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் அதை ஒப்படைப்பின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

அறிகுறி: இரவில் போன் செய்தும் டாக்டர் வரவில்லை

விசாரணையில் “சிஸ்டர் சொன்னார், ஆனால் அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை” என்று டியூட்டி டாக்டர் சொல்வார். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். சிஸ்டர் நிலையைச் சொல்லியிருப்பார், என்ன வேண்டும் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்; டாக்டருக்கு யோசனை சொல்வது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் அதற்குக் காரணம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி, கைசர் பெர்மனென்டே என்ற நிறுவனத்தின் வழியாக மருத்துவமனைகளுக்கு வந்த ‘எஸ்பார்’ முறை இந்தத் தயக்கத்துக்குத்தான் மருந்து. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள் என்ற நான்கில், கடைசியில் உள்ள வேண்டுகோள்தான் நம் வார்டுகளில் விட்டுப்போகிறது. சரியான அழைப்பு இப்படி இருக்கும்:

“சார், ஃபீமேல் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசுறேன். பன்னிரண்டாம் பெட் லட்சுமி அம்மாவுக்கு பி.பி. 96/60, மதியம் 124 இருந்தது. ஆறு மணி நேரத்துல யூரின் 90 மில்லிதான். வயிற்றுப்போக்குன்னு நேத்து அட்மிட் ஆனவங்க, காய்ச்சலும் இருக்கு. ஷாக்குக்குப் போறாங்களோன்னு தோணுது சார். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். நீங்க வர்றதுக்குள்ள ஒரு பாட்டில் என்.எஸ். (நார்மல் சலைன்) வேகமா ஓட்டட்டுமா?”

“சரி சிஸ்டர். பன்னிரண்டு, லட்சுமி, பி.பி. 96. என்.எஸ். 500 ஓட்டுங்க, நான் பத்து நிமிஷத்துல வர்றேன்.”

டாக்டர் திருப்பிச் சொன்ன அந்த வரியை விட்டுவிடாதீர்கள். லேபிலிருந்து பொட்டாசியம் 6.8 என்ற ஆபத்தான அளவைச் சொல்லிப் போன் வந்தாலும் இதே விதி: கேட்டவர் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்து, சரி என்று உறுதி வாங்கிய பிறகே போனை வைக்க வேண்டும்.

அறிகுறி: படிவம் முழுமையாக நிரப்பப்படுகிறது, தவறுகள் குறையவில்லை

என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) ஆய்வுக்காகப் படிவம் கொண்டுவந்த மருத்துவமனைகள் பலவற்றில் இந்த நிலையைப் பார்க்கலாம். சோதிப்பது எளிது: ஒரே நோயாளியின் மூன்று நாள் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வாசகம் மாறாமல் அப்படியே இறங்கி வந்திருந்தால், படிவம் நிரப்பப்படுகிறது, ஒப்படைப்பு நடக்கவில்லை. தணிக்கையில் தாளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, மாதம் சில முறையாவது ஒருவர் அருகில் நின்று ஒப்படைப்பைக் கேட்க வேண்டும்.

கேட்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வாங்குபவரை. அவர் பேசுகிறாரா? பெரும்பாலான வார்டுகளில் பேசமாட்டார். தலையை ஆட்டுவார், எழுதிக்கொள்வார், “சரி சிஸ்டர்” என்பார். புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் மூத்த சிஸ்டரிடமும், ஹவுஸ் சர்ஜன் பி.ஜி.யிடமும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் “இதுகூடத் தெரியாதா” என்ற பதில் வரும் என்ற பயம். ஒப்படைப்பைத் திருத்தும் முயற்சிகள் பெரும்பாலும் சொல்பவருக்கே பயிற்சி கொடுக்கின்றன. என் கருத்தில் முதலில் திருத்த வேண்டியது வாங்கும் பக்கத்தை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் நடத்தப்பட்ட ‘ஐ-பாஸ்’ ஆய்வு 2014 நவம்பரில் வெளிவந்தது. 10,740 அனுமதிகளை வைத்துப் பார்த்ததில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், என்ன நேரலாம் என்ற முன்னறிவிப்பு, கடைசியாக வாங்குபவர் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது என்ற ஐந்து படிகள் அதில் உண்டு. நேரம் ஆகும் என்பவர்களுக்கு: ஒரு நோயாளிக்கு ஆன நேரம் 2.4 நிமிடத்திலிருந்து 2.5 நிமிடம்தான் ஆனது. ஆனால் அந்தப் பலன் படிவத்தால் மட்டும் வந்ததல்ல. பயிற்சி, நேரடிக் கண்காணிப்பு, அவ்வப்போது குறையையும் நிறையையும் எடுத்துச் சொல்வது எல்லாம் சேர்ந்தே வந்தது. படிவத்தை மட்டும் நகலெடுத்து அதே பலனை எதிர்பார்ப்பது வீண்.

ஆகவே ஐந்து படிகளையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம். கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். மோசமான நோயாளிகளுக்கு மட்டும், வாங்குபவர் இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, ஒரு கேள்வியாவது கேட்ட பிறகே ஒப்படைப்பு முடிந்ததாகக் கொள்ளுங்கள். கேள்வி கட்டாயம் என்று ஆகிவிட்டால், கேட்பது அறியாமையின் அடையாளமாக இருக்காது. மூத்தவர்கள் தாங்கள் வாங்கும்போது முதலில் இதைச் செய்து காட்ட வேண்டும்.

எதைச் செய்தும் சரியாகவில்லை என்றால்

டியூட்டி ரோஸ்டரை எடுத்துப் பாருங்கள். ஒரு டியூட்டி முடியும் நேரமும் அடுத்தது தொடங்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தால், ஒப்படைப்புக்கென்று ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை என்று பொருள். கிளம்புபவர் தன் சொந்த நேரத்தில் ஒப்படைக்கிறார். வெளியே பஸ் நிற்கிறது, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள். வருபவரோ தாமதமாகி, பையை வைத்தவுடன் மருந்து டிராலியைத் தேடுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்புத் தீர்வுகளில் ஒப்படைப்பு பற்றியதும் ஒன்று. குறுக்கீடு இல்லாமல் கேட்கவும் பதில் சொல்லவும் போதிய நேரம் ஒதுக்க வேண்டும் என்று அது கேட்கிறது. நர்சிங் சூப்பிரண்டெண்ட் அளவில் கேட்டுப் பெற வேண்டியது இதுதான்: இரண்டு டியூட்டிகளும் கால் மணி நேரமாவது ஒன்றின்மேல் ஒன்று விழும்படி ரோஸ்டர், அந்தக் கால் மணி நேரம் சம்பளக் கணக்கில் சேர வேண்டும், அந்த நேரத்தில் புதிய அட்மிஷன் வார்டுக்கு ஏறக் கூடாது, அவசரம் தவிர, வார்டு போனை எடுக்கவும் உறவினர்களுக்குப் பதில் சொல்லவும் ஒருவரைத் தனியாக நிறுத்த வேண்டும். இந்தக் கோரிக்கையோடு, தொடக்கத்தில் சொன்ன ஒரே கேள்விச் சோதனையின் முடிவையும், இரவில் போன போன்களின் பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். வெறும் குறையாகச் சொன்னால் கோப்பில் கிடக்கும்.